இமயமலையில் ஒற்றைக் கவச டிபிஎம்: எங்கே ஓடும், எங்கே மாட்டும்

தேவப்பிரயாகை என்றதும் திவ்யதேச யாத்திரை போனவர்களுக்குப் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் நினைவுக்கு வரும். பாகீரதியும் அலக்நந்தாவும் கூடி கங்கை என்று பெயர் மாறும் இடம். அந்த ஊரிலிருந்து ஜனாசு வரை மலையைக் குடைந்து 14.57 கி.மீ. நீளத்துக்கு ஒரு ரயில் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ரிஷிகேஷ் – கர்ணபிரயாகை அகல ரயில் பாதை மொத்தம் 125 கி.மீ.; அதில் 100 கி.மீ.க்கு மேல் மலைக்குள்தான் போகிறது. இந்த எட்டாம் எண் சுரங்கம்தான் அவற்றில் ஆக நீளமானது. இமயமலையில் ரயில் பாதைக்காக டிபிஎம் என்னும் சுரங்கம் தோண்டும் இயந்திரம் இறங்கியது இங்கேதான் முதல் முறை. ஜெர்மனியின் ஹெரன்க்னெக்ட் செய்த ஒற்றைக் கவச இயந்திரங்கள் இரண்டு, விட்டம் 9.11 மீட்டர். ஒன்றுக்குச் ‘சக்தி’ என்றும் மற்றதுக்குச் ‘சிவ்’ என்றும் பெயர். ரயில்வேயின் கட்டுமான நிறுவனமான ஆர்.வி.என்.எல். திட்டத்தில் எல் அண்ட் டி இயக்கியது. ‘சக்தி’ 2025 ஏப்ரல் 16 அன்று மறுபக்கம் வெளியே வந்தது; ‘சிவ்’ அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில்.

இந்த வகை இயந்திரத்தை இமயமலைப் பாறைக்கு எடுக்கலாமா, எடுத்தால் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எடுக்கலாம். ஆனால் முன்னால் இருக்கும் முப்பது மீட்டர் பாறையைத் தினமும் துளையிட்டுப் பார்க்க நேரம் ஒதுக்காதவர் இதை எடுக்கக் கூடாது.

சென்னை மெட்ரோவுக்குத் தோண்டிய இயந்திரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாதவரத்தில் இறங்கிய ‘நீலகிரி’ போன்றவை, தோண்டிய மண்ணையே முகப்பில், அதாவது தோண்டும் சுவரில், அடைத்து அழுத்தம் கொடுத்துத் தெருவும் கட்டடமும் இறங்காமல் பார்த்துக்கொள்பவை. மலையில் ஓடும் ஒற்றைக் கவச இயந்திரத்தில் அந்த அழுத்தம் இல்லை. முகப்பில் உள்ள பாறை தன் காலில் தானே நிற்க வேண்டும். பலமும் பலவீனமும் இரண்டுமே இதிலிருந்துதான் வருகின்றன.

வேலை நடக்கும் விதம் இது. முன்னால் கட்டர்ஹெட் என்னும் சுழலும் வெட்டுத்தலை, அதில் 17 அங்குலம் அல்லது 19 அங்குல எஃகு வட்டுகள். இந்த அளவு தலைக்கு ஐம்பது, அறுபது வட்டுகள் இருக்கும். 17 அங்குல வட்டு ஒன்றின் மேல் சுமார் 25 டன் அழுத்தம் கொடுக்கலாம். அழுத்திக்கொண்டே சுழலும்போது அடுத்தடுத்த இரண்டு வட்டுகளுக்கு நடுவில் உள்ள 8, 9 செ.மீ. பாறை சில்லாகப் பெயர்ந்து விழும். சில்லு பெல்ட்டில் ஏறிப் பின்னால் போகும். கட்டர்ஹெட்டுக்குப் பின்னால் பத்து மீட்டர் அளவுக்கு எஃகுக் கவசம். அந்தக் கவசத்துக்குள் நின்றபடிதான் கான்கிரீட் செக்மென்ட்டுகளை ஒன்றோடொன்று பூட்டி முழு வளையமாக்குகிறார்கள். கடைசியாகக் கட்டிய வளையத்தின் விளிம்பில் ஜாக்குகளை ஊன்றி இயந்திரம் தன்னை முன்னே தள்ளிக்கொள்ளும். ஆகவே வளையம் கட்டும்போது தோண்ட முடியாது, தோண்டும்போது வளையம் கட்ட முடியாது.

இரட்டைக் கவச இயந்திரத்துக்கு இந்தக் குறை இல்லை. பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தோண்டும். அதே நேரத்தில் பின்னால் வளையமும் ஏறும். நல்ல பாறையில் வேகம் கூடுதல். கிஷன்கங்கா நீர்மின் சுரங்கமும் நேபாளத்தின் பேரி–பபை பாசனச் சுரங்கமும் இரட்டைக் கவசத்தில்தான் முடிந்தன. பேரி–பபையில் 5.06 மீட்டர் விட்டத்தில் 12.2 கி.மீ. தோண்டி, குறித்த நாளுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாகவே 2019 ஏப்ரலில் வெளியே வந்தார்கள். ஆனால் இரட்டைக் கவசம் நீளம் அதிகம், நடுவில் உள்ளிழுத்து நீளும் மூட்டு வேறு. நெருக்கும் பாறையில் மாட்டுவதற்கு இந்த இரண்டே போதும். கார்வால் பக்கத்துப் பாறை ஃபிலைட்: அப்பளக் கட்டு மாதிரி ஏடு ஏடாக, அபிரகம் கலந்து, ஈரம் பட்டால் வழுக்குவது. பக்கச் சுவர் பிடிமானம் தருமா என்றே சந்தேகமான அந்தப் பாறைக்கு ஒற்றைக் கவசத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

வேகத்தைப் பார்ப்போம். 2022 கடைசியில் தோண்டத் தொடங்கிய ‘சக்தி’ சுமார் 28 மாதங்களில் 10 கி.மீ.க்கு மேல் தோண்டியது. சராசரி மாதம் 350 மீட்டருக்கு மேல். சுரங்கத்தின் மீதி நான்கு கி.மீ.யும் வெடிவைத்துத் தோண்டும் வழக்கமான முறையில் எடுக்கப்பட்டது. இமயமலையில் அந்த முறையில் ஒரு முகப்பில் மாதம் 60, 70 மீட்டர் வந்தாலே நல்ல மாதம். ஜம்மு–காஷ்மீர் பாதையில் கடீ – சும்பர் இடையே 12.77 கி.மீ. நீளமுள்ள ஐம்பதாம் எண் சுரங்கத்துக்கு, இடையில் மூன்று பக்கவாயில் சுரங்கங்கள் போட்டுப் பல முகப்புகளில் ஒரே நேரத்தில் தோண்டியும் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. டிபிஎம்முக்குப் பக்கவாயில் தேவையில்லை. மலைச்சரிவில் பக்கவாயிலுக்காகப் போடும் ஒவ்வொரு ரோடும் ஒரு நிலச்சரிவுக்கு வழி. இந்த லாபம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை என்பது வருத்தமான விஷயம்.

இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஓட்டுநர் அறையில் நூறு அளவீடுகள் ஓடும். அதில் ஒன்றைத்தான் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்: பெல்ட் எடைக்கருவி. கணக்கு எளிது. 9.11 மீட்டர் வட்டத்தின் பரப்பு 65 சதுர மீட்டர். வளையத்தின் அகலம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வளையத்துக்கு 98 கன மீட்டர் பாறை. கன மீட்டர் 2.7 டன் வீதம் 264 டன். ஈரத்துக்காகக் கொஞ்சம் சேர்த்தாலும் 275-க்குள் நிற்க வேண்டும். எடைக்கருவி 300 காட்டினால் தலைக்கு மேலே பாறை உதிர்ந்து குழி விழுகிறது என்று பொருள். 350 காட்டியும் தள்ளிக்கொண்டே போனால், அடுத்த வளையத்தில் கட்டர்ஹெட் கல்லுக்குள் புதைந்து சுழல மறுக்கும். பெல்ட்டில் வரும் கல்லையும் பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலத்தில் தட்டையான சில்லு வந்தால் வட்டு பாறையை வெட்டுகிறது. அம்மிக்கல் அளவுக்குக் கட்டி கட்டியாக, பழைய விரிசலின் துருக்கறையோடு வந்தால் அது வெட்டியது இல்லை, விழுந்தது. எடைக்கருவி சொல்வதற்கு இரண்டு நிமிடம் முன்பே கல் சொல்லிவிடும். பெல்ட் ஓரத்தில் ஒரு புவியியலாளரை ஷிஃப்ட் முழுக்க நிறுத்தி வைக்கும் சம்பளம், மாட்டிய இயந்திரத்தை மீட்கும் செலவில் ஒரு நாள் கூலிக்குக்கூட வராது.

இனி மாட்டும் விஷயம். ஆழத்தில் உள்ள மென்மையான பாறை, தோண்டிய ஓட்டையை மெல்ல மூடப் பார்க்கும். இறுகும் பாறை என்பார்கள். கவசத்தின் சுற்றளவு 28.6 மீட்டர், நீளம் பத்தரை மீட்டர் என்றால் பரப்பு 300 சதுர மீட்டர். பாறை சதுர மீட்டருக்கு 50 டன் வீதம் அழுத்துகிறது, எஃகுக்கும் பாறைக்கும் உராய்வுக் கெழு 0.4 என்று வைத்தால், கவசத்தை நகர்த்த மட்டுமே 6,000 டன் தள்ளுவிசை வேண்டும். வட்டுகளை அழுத்தும் விசை அதற்கு மேல். அவ்வளவையும் ஜாக்குகள் தந்தாலும் பின்னால் உள்ள கான்கிரீட் வளையம் தாங்க வேண்டுமே! கவசத்துக்கு வெளியே பென்டோனைட் என்னும் வழுக்கும் களிமண் குழம்பைச் செலுத்தினால் கெழு பாதியாகக் குறையும். 6,000 என்பது 3,000 ஆகும். ஆகவே பென்டோனைட் செலுத்தும் துளைகள் கவசத்தைச் சுற்றி எத்தனை, எங்கே என்று வரைபடத்தில் பார்த்த பிறகே ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது பாதுகாப்பு, கூடுதல் வெட்டு. ஓரத்து வட்டுகளைக் கொஞ்சம் வெளியே தள்ளிவைத்து, கவசத்தைவிட ஓட்டை சில செ.மீ. பெரிதாக விழச் செய்வது. கவசமும் முன்னால் பெரிதாகவும் பின்னால் படிப்படியாகச் சிறிதாகவும் இருக்க வேண்டும். இங்கே பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஓரத்து வட்டுகள்தான் ஆக நீண்ட தூரம் உருள்கின்றன, அவைதான் முதலில் தேய்கின்றன. நடு வட்டு 25 மி.மீ. தேய்ந்தாலும் வேலை ஓடும். ஓர வட்டு 12, 15 மி.மீ. தேய்ந்தாலே ஓட்டை சுருங்கிவிட்டது. கூடுதல் வெட்டு என்று வாங்கியதில் பெரும்பங்கு போய்விட்டது. “இன்னும் இரண்டு நாள் ஓடும்” என்று தள்ளிப்போட்ட ஓர வட்டு, இறுகும் பாறைக்குள் நுழைந்த பிறகு பெரிய தொகையாக வந்து நிற்கும். நெருக்கும் பகுதி வருகிறது என்று தெரிந்தால், நுழைவதற்கு முன்பே ஓர வட்டுகள் அத்தனையையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். வட்டு ஒன்று 150 கிலோவுக்கு மேல் கனக்கும். தலையின் உட்புறத்திலிருந்தே கழற்றி மாட்டும் அமைப்பு இருக்க வேண்டும். முகப்புக்கு ஆள் போக வேண்டிய பழைய அமைப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

மூன்றாவது, நிற்காமல் ஓடுவது. நின்ற கவசத்தை நகர்த்தும் விசை, ஓடும் கவசத்தைத் தள்ளும் விசையைவிட எப்போதும் அதிகம். நேரம் போகப் போகப் பாறையும் இறுகும். ஞாயிறு பராமரிப்பு, பண்டிகை விடுப்பு, மின்வெட்டு எல்லாம் இறுகும் பகுதியில் ஆபத்துதான். பராமரிப்பை நல்ல பாறையில் முடித்துக்கொண்டு, கெட்ட பாறையை ஒரே மூச்சில் கடக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன பாறை என்று தெரிய வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். தபோவன் – விஷ்ணுகட் நீர்மின் சுரங்கத்தில் 2009 டிசம்பர் 24 அன்று டிபிஎம் ஒரு நிலத்தடி நீர்த்தேக்கத்தைக் குத்திவிட்டது. விநாடிக்கு 700, 800 லிட்டர். நாள் ஒன்றுக்கு 6 கோடி லிட்டருக்கு மேல். இயந்திரம் மாட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும்; மேலே ஜோஷிமட் பக்கத்து ஊற்றுகளின் தண்ணீர் அல்லவா போனது? இமாசலத்தின் பார்பதி நீர்மின் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலோ, முன்னால் பார்ப்பதற்காகப் போட்ட துளை வழியாகவே மணலும் வண்டலும் தண்ணீரோடு கொட்டி இயந்திரத்தை மூடிவிட்டன. செனாப் ஆற்றின் மீதான துல்ஹஸ்தி நீர்மின் திட்டத்தில் டிபிஎம்மைக் கைவிட்டே போனார்கள். இமயமலைக்கு டிபிஎம் சரிப்படாது என்ற பேச்சு இந்த மூன்றையும் வைத்துத்தான் வளர்ந்தது. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை.

துளையிட்டுப் பார்க்கும் வேலையை எப்படிச் செய்வது? கவசத்துக்குப் பின்னால் பொருத்திய துளைக்கருவி, கவசத்தில் உள்ள துவாரங்கள் வழியாகச் சாய்வாக முன்னே போகும். 30, 40 மீட்டர் துளைத்து, அதில் 8, 10 மீட்டரை எப்போதும் மிச்சம் வைத்துக்கொண்டு அடுத்ததைப் போட வேண்டும். ஒரே துளை என்றால் மேல்பக்கம்; சந்தேகமான இடத்தில் மூன்று. துளைக்கும் வேகம், திரும்பி வரும் நீரின் நிறம், அளவு எல்லாம் எழுதிவைக்க வேண்டும். துளையின் வாயில் அடைப்பு வால்வு கட்டாயம். பார்பதி பாடம் அதுதான். துளைக்கும் இரண்டு மூன்று மணி நேரமும் தோண்டுதல் நிற்கும். மேலாளர்களுக்கு அங்கேதான் கை நடுங்குகிறது. இன்றைக்கு எட்டு வளையம் கட்டியே ஆக வேண்டும் என்று துளையைத் தவிர்ப்பார்கள். ஒப்பந்தத்திலேயே முன்துளைக்கு மீட்டர் கணக்கில் தனிக் காசு வைத்தால் இந்தச் சபலம் வராது. மொத்த விலைக்குள் அடக்கினால் கட்டாயம் வரும்.

முன்னால் நொறுங்கல் இருக்கிறது என்று துளை சொன்னால், கவசத்தின் மேல் வளைவில் உள்ள துவாரங்கள் வழியாகக் குழாய்களைக் குடை மாதிரி செருகி, கிரவுட் என்னும் சிமென்ட் குழம்பை ஏற்ற வேண்டும். முகப்பில் வேகமாக உப்பி இறுகும் பாலியூரித்தேன் நுரை. நுரை கட்டர்ஹெட்டையும் சேர்த்து ஒட்டிவிடும் என்பதால் செலுத்தும்போது தலையை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஆட்களும் ரசாயனமும் சைட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு டெல்லிக்கு போன் போட்டு வரவழைப்பதற்குள் பாறை இறுகிவிடும்.

வளையத்துக்கும் பாறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது 15 செ.மீ. என்றால் ஒரு மீட்டர் சுரங்கத்துக்கு 4 கன மீட்டருக்கு மேல் நிரப்ப வேண்டும். அடிப்பாகத்தில் உடனே சிமென்ட் கலவை, பக்கத்திலும் மேலும் பட்டாணி அளவு ஜல்லி, பிறகு ஜல்லிக்குள் கிரவுட். மேலே நிரம்பாமல் விட்டால் வளையம் ஒரு பக்கமாகச் சுமை வாங்கி முட்டை வடிவத்துக்குச் சப்பையாகும். மூட்டில் படி விழும், ரப்பர் பட்டை விலகும், ஒழுகும். போன அளவைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். நாலு கன மீட்டர் போக வேண்டிய இடத்தில் இரண்டரைதான் போனது என்றால், நிரம்பிவிட்டது என்று மகிழக் கூடாது, குழாய் அடைத்திருக்கிறது. செக்மென்ட் மூலையில் விரிசல் தெரிந்தால் பெரும்பாலும் கான்கிரீட் குற்றம் இல்லை, ஜாக்கின் பாதம் சாய்வாக ஊன்றியிருக்கும்.

மலைக்குக் கொண்டுபோகும் பாடு தனி. கட்டர்ஹெட்டைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கே வெல்டிங் செய்யலாம். அந்தத் தலையைத் தாங்கிச் சுழலவைக்கும் பிரதான பேரிங்கை அப்படி அறுக்க முடியாது. வழியில் உள்ள ஒவ்வொரு பாலத்தின் தாங்குதிறனையும் வளைவின் அகலத்தையும் பார்த்துவிட்டுத்தான் பேரிங் அளவையே முடிவு செய்ய வேண்டும். மின்சாரம் 4, 5 மெகாவாட். தனி லைனும் ஜெனரேட்டரும் இல்லாமல் தொடங்கக் கூடாது. தோண்டிய கல்லைக் கொட்ட இடம்? இரண்டு இயந்திரமும் பத்துப் பத்து கி.மீ. தோண்டினால் கெட்டிப் பாறை 13 லட்சம் கன மீட்டர். உடைந்து உப்பிய பிறகு 21 லட்சம். 15 கன மீட்டர் டிப்பரில் 1.4 லட்சம் நடை. ஆற்றங்கரையில் தடுப்புச்சுவர் இல்லாமல் கொட்டினால் முதல் பெருமழையில் எல்லாம் கங்கைக்குத்தான் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த இயந்திரத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஆட்களின் உயிர். 2023 நவம்பர் 12 அன்று அதே உத்தராகண்டில் சில்க்யாரா சாலைச் சுரங்கம் முகப்புக்குப் பின்னால் இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். வெடிவைத்துத் தோண்டும் முறையில் ஷாட்கிரீட் என்னும் பீய்ச்சியடிக்கும் கான்கிரீட், பாறைக்குள் செருகும் ராக் போல்ட், எஃகு வளைவு எல்லாம் முதல் தாங்கல் மட்டுமே. நிரந்தரக் கான்கிரீட் பூச்சு மாதக் கணக்கில் பின்தங்கி வரும். அந்த இடைவெளியில்தான் மலை விழுகிறது. டிபிஎம்மில் கவசத்தின் வாலைத் தாண்டியதுமே முழு வளையம் நிற்கிறது. பாறைக்குக் கீழே திறந்த தலையோடு ஓர் ஆளும் நிற்பதில்லை.

அதற்காக வழக்கமான முறையை ஒதுக்கிவிடவும் முடியாது. வடிவம் மாறும் இடம், நிலையம் வரும் அகன்ற பகுதி, கெட்ட பாறை என்று முன்பே தெரிந்த பிளவுப் பகுதி இவற்றுக்கெல்லாம் வெடியும் ஷாட்கிரீட்டும்தான் பொருத்தம். காஷ்மீரின் பீர் பஞ்சால் ரயில் சுரங்கம் 11.2 கி.மீ. முழுக்க அப்படி எடுத்ததுதான். 2013 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. குறுக்கு வழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளச் சுரங்கத்தில் தப்பிக்கும் வழிக்கு 375 மீட்டருக்கு ஒரு குறுக்குப் பாதை என்று வைத்தால் பத்து கி.மீ.க்கு 26, 27 வரும். ஒவ்வொன்றுக்கும் கட்டிய செக்மென்ட்டை அறுத்துத் திறக்க வேண்டும். அறுப்பதற்கு முன் இரு பக்கத்து வளையங்களுக்கும் எஃகுச் சட்டம் முட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை டிபிஎம் அட்டவணையில் சேர்க்காமல் விட்டு, இயந்திரம் வெளியே வந்த நாளையே சுரங்கம் முடிந்த நாள் என்று அறிவிக்கிறார்கள். குறுக்குப் பாதைகளும் தண்டவாளமும் காற்றோட்டமும் சிக்னலும் முடிய அதற்குப் பிறகு நிறைய மாதங்கள் வேண்டும்.

எட்டு கி.மீ.க்குக் குறைந்த சுரங்கத்துக்கு இதை எடுக்க வேண்டாம். ஆர்டர் கொடுத்து, செய்து, மலைக்கு ஏற்றி, பூட்டி முடிக்கும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் வெடிமுறையே பாதி தூரம் போயிருக்கும். பத்துக்கு மேல், பெரும்பகுதி ஒரே வகைப் பாறை என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஏற்றமாகத் தோண்டும் திசையைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தானாக வாயிலுக்கு ஓடிவரும். விலைப்பட்டியல் வந்ததும் தள்ளுவிசை, கூடுதல் வெட்டின் அளவு, பென்டோனைட் துளைகள், முன்துளைக்கான துவாரங்கள், தலையை இரு பக்கமும் சுழற்றும் வசதி, சிக்கினால் விடுவிக்கும் உச்சச் சுழல்விசை ஆகிய ஆறையும் முதலில் படியுங்கள். துளைக்கருவியைக் கூடுதல் விலைக்குத் தரும் துணைப் பொருள் என்று பட்டியலின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தால், அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்பி, முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.